நளாயினியின் கூடை

தமிழ்நாட்டில் 'மூளைச்சாவு' என்ற சொல் தெரியாத வீடு இன்று அரிது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் அருகே பைக் விபத்தில் சிக்கிய 15 வயதுச் சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானம் செய்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகுதான் இந்தச் சொல் டீக்கடை வரை வந்து சேர்ந்தது. 2023 செப்டம்பரில், உறுப்புத் தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். செய்ய வேண்டிய மரியாதைதான்.

மூளையில் அதே அடி பட்டு, அதே ஐசியூவில் கிடந்து, சாகாமல் வீடு திரும்புகிறவரைக் குறிக்க நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சீட்டில் 'தலைக்காயம்' என்று எழுதுவார்கள். தையல் பிரித்ததும் அந்தச் சொல்லின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கோவை, திருப்பூர், ஈரோட்டு வீடுகளில் நான் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: "அவிய முன்ன மாதிரி இல்லீங்க." சொல்கிறவர் பெரும்பாலும் மனைவி, சில வீடுகளில் அம்மா. அடிபட்டவரைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணின் உழைப்பை மருத்துவமும் சட்டமும் அரசும் எங்கே கணக்கில் எடுத்தன, எங்கே விட்டுவிட்டன என்று பின்னோக்கிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

ஆஸ்பத்திரி வாசல் வரை

தலையில் பலமாக அடிபட்டவர் பிழைப்பது நம் நாட்டில் அண்மைக் காலத்துக் கதை. இந்தியாவின் முதல் மூளை, நரம்பியல் அறுவைப் பிரிவை 1949-இல் வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அந்தப் பணியைத் தொடங்கினார். பிறகு ஸ்கேன் வந்தது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்றது.

இவையெல்லாம் உயிர்களைக் காத்த ஏற்பாடுகள். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு கோவைக்கு விரையும் ஆம்புலன்ஸ்களுக்கு வழிவிட்டுப் பழகியவர்கள் நாம். ஒரு தலைமுறைக்கு முன்பு வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று பிழைக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் அதிகச் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். நாடு முழுவதும் அந்த ஆண்டில் காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். காயமடைந்தோர் என்ற அந்த ஒற்றை எண்ணுக்குள் கைமுறிந்து ஆறு வாரத்தில் வேலைக்குப் போனவரும் இருக்கிறார், சொந்த மகளின் பெயரை மறந்துபோனவரும் இருக்கிறார்.

இறந்தவர்களை அரசு எண்ணுகிறது, பிழைத்தவர்களையும் எண்ணுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் பெண் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவளுக்கு ஒரு மாத்திரைப் பட்டியல் தருகிறார்கள். மறுபடி வரவேண்டிய தேதியைச் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகும் என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஊர் கொடுத்த பட்டம்

பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்த என் பெரியப்பா 1984-இல் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். மூன்று வாரத்தில் எழுந்து நடந்தார். கை கால் நன்றாக இருந்ததால் ஊரைப் பொறுத்தவரை அவர் குணமாகிவிட்டார். வீட்டில் கதை வேறு. தறிச் சத்தம் கேட்டாலே அவருக்கு வெறி பிடித்தது. சாப்பிட்டு முடித்த பத்தாவது நிமிடம் சோறு போடவில்லை என்று தட்டை வீசினார். திடீரென்று கிளம்பிப் போய்விடுவார். பெரியம்மா பொங்கலூர் ரோட்டில் தேடிக்கொண்டு ஓடுவார். கையும் நீண்டது. ஒருநாள் அவருடைய நெற்றிக் காயத்தைப் பார்த்து நான் கேட்டபோது, "அடிச்சது அவிய இல்ல கண்ணு, அந்த அடி" என்றார்.

22 ஆண்டுகள் அவர் அப்படிப் பார்த்துக்கொண்டார். தறிகளை விற்றார்கள். காட்டில் ஒரு பகுதியைப் பங்காளிகள் தங்கள் பெயருக்கு எழுதிக்கொண்டார்கள். ஊர் பெரியம்மாவுக்கு ஒரு பட்டம் கொடுத்தது: நளாயினி.

நளாயினி கதை நமக்குத் தெரியும். தொழுநோயாளியான கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, அவன் விரும்பிய தாசி வீட்டுக்கே கொண்டுபோகிறாள். வழியில் கழுமரத்தில் இருந்த மாண்டவ்யர் மீது கூடை இடித்துவிடுகிறது. விடிந்தால் உன் கணவன் இறப்பான் என்று அவர் சபிக்கிறார். அப்படியானால் விடியவே வேண்டாம் என்கிறாள், சூரியன் நின்றுவிடுகிறது. கதாகாலட்சேபத்திலும் கூத்திலும் காலங்காலமாகச் சொல்லப்பட்ட இந்தக் கதையில் சூரியனை நிறுத்திய கற்பின் வலிமை பேசப்படும். கூடையின் எடை பேசப்படாது. அவளுடைய கழுத்து வலித்ததா, ஓரிடத்தில் இறக்கிவைக்கத் திண்ணை இருந்ததா, வேறு யாராவது ஒரு கை பிடித்தார்களா என்று கதை கேட்பதில்லை. பட்டம் கொடுத்தபிறகு உதவி கொடுக்க வேண்டியதில்லை என்பதை ஊர் இந்தக் கதையிலிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

ஆள் இருக்கிறார், அவர் இல்லை

பெரியப்பாவுக்கு நடந்ததற்கு மருத்துவத்தில் விளக்கம் உண்டு. வேகமாக மோதும்போது மூளை மண்டையோட்டுக்குள் அலைந்து, கரடுமுரடான அடிப்பகுதியில் உரசுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதியும் பொட்டுக்குப் பின்னால் இருக்கும் பக்கப்பகுதியும் அதிகம் நசுங்குகின்றன. கோபத்தை அடக்குவது, இடம் பார்த்துப் பேசுவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது, அடுத்தவர் முகம் பார்த்து மனம் அறிவது, நேற்று நடந்ததை நினைவில் வைப்பது எல்லாம் அந்தப் பகுதிகளைச் சார்ந்தவை. தான் மாறிவிட்டது பலருக்குத் தெரிவதும் இல்லை. "எனக்கு என்ன, நல்லாத்தான இருக்கேன்" என்பார்கள். எல்லோரும் இப்படி ஆவதில்லை. எல்லோரும் கை ஓங்குவதும் இல்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில் பலரிடம் நல்ல முன்னேற்றம் தெரியும். அதன் பிறகும் பயிற்சி பயன் தரும். ஆனால் குணமாற்றம் தங்கிவிட்ட வீடுகளில், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்ப்பதைவிட, நடமாடும் இவரோடு வாழ்வதே கடினம் என்று பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அமெரிக்க நரம்பு உளவியலாளர் மியூரியல் லெசாக் 1978-இல் இத்தகைய குடும்பங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. மனைவியின் நிலையை அவர் துல்லியமாகக் கண்டார். கணவனை இழந்தவளாக அவள் ஊரறிய அழ முடியாது. அவன் உயிரோடு இருக்கிறான். பிரியவும் முடியாது, பழி வரும், குற்ற உணர்வு தின்னும். பாலின் பாஸ் என்ற ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் மனைவிகளிடமிருந்து தன் ஆய்வைத் தொடங்கி, இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். உடல் இல்லாமல் மனத்தில் மட்டும் ஒருவர் இருப்பது ஒரு வகை. உடல் எதிரே இருக்க, தெரிந்த அந்த மனிதர் இல்லாமல்போவது இன்னொரு வகை. இறப்புக்குப் பதினாறாம் நாள் காரியம் உண்டு. இதற்கு நம்மிடம் எந்தச் சடங்கும் இல்லை.

இன்னொன்றையும் பெண்களாகிய நாம்தான் பேசவேண்டும். கட்டுப்பாடு தளர்ந்த ஒருவரோடு ஒரே அறையில் படுக்கும் பெண்ணின் உடலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவள் மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறாள்; மாமியாரிடம் சொன்னால், "உடம்பு சரியில்லாதவன், நீதான் பொறுத்துக்கோணும்" என்று பதில் வருகிறது. பெரியம்மா சொன்ன வாக்கியத்தில் மருத்துவ உண்மை இருந்தது. அதே வாக்கியம் அவரை அடி வாங்கவும் பழக்கியது. அடிக்கும் கைக்குக் காரணம் காயமாக இருக்கலாம். அதனால் விழும் அடியின் வலி குறைவதில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் வந்தது. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்? தண்டனையைவிட அவளுக்கு முதலில் தேவைப்படுவது இரவில் படுக்கத் தனி அறை, மருந்தை மாற்றிப் பார்க்கும் மருத்துவர், அழைத்தால் வரும் இன்னொரு ஆள்.

அடிபட்டது மனைவியாக இருந்தால் கதை எப்படிப் போகும்? நான் அறிந்த வீடுகளில் சில மாதங்களில் அவள் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அங்கே எழுபது வயது அம்மா பார்த்துக்கொள்கிறார். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மனநிலைக் கோளாறு விவாகரத்துக்கு ஒரு காரணம். எழுத்தில் அது இருபாலருக்கும் பொது.

எத்தனை கைகள் வேண்டும்?

அருணா ஷான்பாக் மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியர். 1973 நவம்பரில் அங்கே வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்டு மூளைக்கு ஆக்சிஜன் நின்றதால் மீளமுடியாத பாதிப்பு ஏற்பட்டது. 2015 மே 18 அன்று இறக்கும் வரை, 41 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மருத்துவமனையின் செவிலியர்களே அவரைப் பார்த்துக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பிங்கி விரானி கருணைக்கொலை கோரித் தொடுத்த வழக்கில் 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு கருணைக்கொலை குறித்த சட்டத்துக்காகவே நினைவுகூரப்படுகிறது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அருணாவுக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு, நாள்தோறும் பார்த்துக்கொண்டவர்களுக்கே என்று நீதிமன்றம் சொன்னது. இத்தனை ஆண்டுகள் படுக்கையில் கிடந்தும் அவருக்குப் படுக்கைப்புண் வராததை அந்த வழக்கு உலகறியச் செய்தது. ஷிஃப்ட் முறையில், சம்பளத்தோடு, தலைமுறை தலைமுறையாக ஒரு வார்டே செய்த வேலை அது. அதே வேலையை நம் ஊரில் ஒரே பெண் ஒரு வாட்டர் பெட்டையும் மூக்குக்குழாயையும் வைத்துக்கொண்டு தனியாகச் செய்கிறாள். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்கிறாள். நடுவில் ரேஷன் கடைக்கும் போய் வருகிறாள்.

எத்தனை கைகள் வேண்டும் என்பதை நீதிமன்றமே ஒருமுறை கணக்கிட்டது. 2007-இல் ஹரியானாவில் சாலை விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் இழப்பீட்டு வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அவளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பணியாளர்கள் வேண்டும் என்றது. ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வைத்து, 18 என்ற பெருக்கெண்ணால் பெருக்கி, அந்தத் தலைப்பில் மட்டும் 21,60,000 ரூபாய் வழங்கியது. தொகை குறைவு என்று வாதிடலாம். ஆனால் 'இரண்டு பேர்' என்பது பதிவாகிவிட்டது. இழப்பீடு கேட்க எதிர்த்தரப்பில் ஒரு வாகனமும் காப்பீடும் இருக்கவேண்டும். தென்னை மரத்திலிருந்து விழுந்தவருக்கு இரண்டும் இல்லை.

2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரிந்தது. குடும்பத்தாரைப் பராமரிப்பதில் பெண்கள் 134, ஆண்கள் 76. சாலை விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பு கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் சொன்ன உச்ச நீதிமன்றம் இந்த எண்களை மேற்கோள் காட்டியது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் அந்த உழைப்புக்கு விலை போட அவள் இறக்கவேண்டி இருந்தது.

என் வகுப்பில் ஒரு மாணவி வாரத்தில் மூன்று நாள்தான் வருவாள். அப்பா பைக்கில் போய் அடிபட்டவர். அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட். அம்மாவுக்குப் பகல் ஷிஃப்ட் வரும் நாட்களில் இவள் அப்பாவோடு வீட்டில் இருப்பாள். அண்ணன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் ஒரு நாளும் லீவு போட்டதில்லை. செமஸ்டர் முடிவில் வருகைப் பதிவு குறைந்ததற்குக் கண்டோனேஷன் கட்டணம் கட்டினாள். மனைவிக்கு மட்டுமென்று நாம் நினைக்கும் சுமை இப்படித்தான் அடுத்த தலைமுறைப் பெண்ணின் படிப்பிலும் ஏறிக்கொள்கிறது.

யாருடைய கையெழுத்து?

"அவிய கையெழுத்துப் போட்டாத்தான் பணம்னு சொல்லிட்டாங்க. அவிய பேரே அவியளுக்கு மறந்துபோச்சு" என்று பேங்க்கிலிருந்து திரும்பிய பெரியம்மா சொன்னது நாற்பது ஆண்டுக்கு முந்தைய கதை. இன்றும் சிக்கல் அப்படியே இருக்கிறது. கணவர் நினைவிழந்து கிடந்தால், அவருடைய சிகிச்சைக்காகவே அவருடைய சேமிப்பை எடுக்க மனைவிக்குத் தானாக எந்த உரிமையும் வருவதில்லை. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் சிறார்களுக்கானது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. 1987-இன் மனநலச் சட்டத்தில் சொத்து நிர்வாகத்துக்கு ஒரு வழி இருந்தது. அதை நீக்கி வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வழி இல்லை.

அதனால் பெண்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2019 பிப்ரவரியில், கோமாவில் இருப்பவருக்குப் பாதுகாவலரை நியமிக்க வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சென்னையில் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவி, அவருடைய சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதி கேட்டபோது தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்தை அணுகச் சொன்னார். 2024 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போடவும் சொன்னது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொண்டே கோர்ட்டுக்கும் அலையச் சொல்வது சரியல்ல என்பதை அந்த அமர்வு உணர்ந்திருந்தது. ஆனால் சென்னை வரை போக எத்தனை பேரால் முடியும்? கொங்குப் பகுதியில் காடும் தோட்டமும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில். கேள்வி எழுந்தால் முதலில் கூடுவது பங்காளிகள். நடமாடிக்கொண்டு, பேசிக்கொண்டு, ஆனால் யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடும் ஒருவருடைய மனைவிக்குக் கோமா வழக்கின் தீர்ப்பும் உதவாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அங்கீகரிக்கும் 21 வகைகளில் தலைக்காயம் தனிப் பெயராக இல்லை. கால் இழுத்தால் ஒரு வகை, பேச்சு போனால் ஒரு வகை என்று துண்டு துண்டாகச் சான்று வாங்கலாம். கோபமும் மறதியும் எந்தக் கட்டத்தில் வரும்? அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றிப் பேசுகிறது. அதைக் கேட்கவும் முதலில் சான்று வேண்டும்.

பெயர் வைத்தவர்கள்

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் அழைத்து வருவதில் இந்தியாவுக்கு நல்ல வரலாறு உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரம் போட்டு உடன் தங்கவைத்தார். 1957-இல் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய வேலூர் மனநல மையத்தில் குடும்பத்தார் உடனிருப்பது சிகிச்சையின் பகுதியானது. இதனால் நோயாளிகள் கைவிடப்படாமல் வீடு திரும்பினார்கள். ஆனால் நடைமுறையில் 'குடும்பம்' என்று எழுதிய இடத்தில் வந்து நின்றது அம்மாவோ மனைவியோதான். அவளைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்த அளவுக்கு, அவளுக்கு ஓய்வு வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை.

அந்த எண்ணம் வேறு நாடுகளில் பெண்கள் கூடிப் பேசியபோது வந்தது. அமெரிக்காவில் மர்லின் பிரைஸ் ஸ்பைவாக்கின் மகள் 1975-இல் கார் விபத்தில் மூளைக்காயம் அடைந்தாள். மகளுக்கு ஏற்ற இடம் தேடி அலைந்த அந்தத் தாய், கணவரோடு சேர்ந்து 1980-இல் மாசசூசெட்ஸில் தன் வீட்டிலிருந்தே தேசியத் தலைக்காய அமைப்பைத் தொடங்கினார். 1979-இல் பிரிட்டனில் குடும்பங்கள் சேர்ந்து ஹெட்வே அமைப்பை உருவாக்கின. முன்பு தனித்தனி வீடுகளில் 'அவர் முன்போல இல்லை' என்று முணுமுணுக்கப்பட்டது, இந்த அமைப்புகளால் பெயருள்ள ஒரு நிலையாகி, சட்டத்துக்குள்ளும் போனது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வாளையாறைத் தாண்டினால் கேரளம். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி, வலித்தணிப்புப் பராமரிப்பு முயற்சி ஊர் ஊராகப் பரவி, 2008-இல் அரசின் கொள்கையானது. படுக்கையில் கிடப்பவரை முழுநேரம் பார்த்துக்கொள்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தில் மாதம் 600 ரூபாய் தருகிறார்கள். பிச்சைக்காசு என்று சிரிக்கலாம். ஆனாலும் பார்த்துக்கொள்கிறவரை ஒரு பயனாளியாக அரசு ஏட்டில் எழுதிய தொகை அது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே பிசியோதெரபியையும் வலித்தணிப்புப் பராமரிப்பையும் கொண்டுவந்தது. கதவைத் தட்டுகிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலரும் ஊக்கத்தொகைக்கு உழைக்கும் ஒரு பெண்தான். அவரிடம் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது. பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் "நீங்க தூங்குனீங்களா? உங்களை அடிக்கறாங்களா?" என்று கேட்கும் பயிற்சியையும் அவருக்குத் தரலாம்.

நாம் கேட்க வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. டிஸ்சார்ஜ் நாளில் மாத்திரைப் பட்டியலோடு, குணமாற்றம் எப்படி வரலாம், வந்தால் என்ன செய்வது என்று தமிழில் ஒரு தாள். மாற்றுத்திறன் பட்டியலில் தலைக்காயத்துக்குத் தனிப் பெயர். பாதுகாவலர் நியமனம் மாவட்ட அளவிலேயே, பார்த்துக்கொள்கிறவருக்கு முன்னுரிமையோடு. உதவித்தொகை அவளுடைய கணக்கிலேயே. மாதத்தில் சில நாட்களாவது அடிபட்டவரைப் பகலில் விட்டுவைக்க ஓரிடம். வீட்டுக்குள் நாம் கேட்க வேண்டியதும் உண்டு: அண்ணன், தம்பி, மகன் எல்லோர் பெயரும் உள்ள ஒரு முறைப்பட்டியல். அதுவரை, வீட்டில் பயமாக இருந்தால் 181. மனம் தாங்காவிட்டால் 14416. முடியவில்லை என்று ஒரு பெண் கூடையை இறக்கிவைத்தால், அவளை நளாயினியோடு ஒப்பிட்டுப் பேச நம்மில் யாருக்கும் உரிமையில்லை.

கோவையில் இப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் ஒருமுறை கூடி உட்கார்ந்தால் அந்த நிலைக்கு அவர்களே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். தமிழ் படித்த நான் வைப்பதைவிட அது பொருத்தமாக இருக்கும். கூட ஒரு பள்ளிக்கூட வகுப்பறையும் ஞாயிற்றுக்கிழமை மதியமும் போதும். அந்த மதியம் வீட்டில் அவரை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.